தேத்தண்ணி வரை
ஆறும் வடு – 9

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மகனைத் தேடும் தாயிடம் உளவளத்துணையாளர் ஒருவர் வருகிறார். பேச்சு முடியுமுன்பே அடுப்பில் கேத்தில் ஏறிவிடும். "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

துணைநாடியிடம், அதாவது உதவி பெறுபவரிடம், எதையும் வாங்காதே என்கிறது பாடப்புத்தகம். வன்னியில் நீட்டிய கோப்பையை மறுத்தால் அந்த வீட்டையே மறுத்ததாகும். குடிக்கத்தான் வேண்டும். சிக்கல் பிறகு வருகிறது. மூன்றாம் மாதம் அந்தத் தாய், "இனி நீங்கதான் என்ர பிள்ளை" என்கிறார். கேட்டவரின் நெஞ்சு இளகும். அங்கேதான் அவர் நிதானிக்க வேண்டும். அந்த வீட்டில் பிள்ளையின் இடம் வெறுமையாக இல்லை. அது மகனுக்காகக் காத்திருக்கும் இடம். திட்ட நிதி முடிந்ததும் போய்விடப்போகும் ஒருவர் அதில் அமர்ந்தால், அந்தத் தாய் இன்னொரு பிள்ளையையும் இழப்பார்.

2009இல் போர் முடிந்தபோது முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டவர்களில் பெரும்பகுதியினர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் நிலையை ஆராய்ந்து, 2010இல் அதைக் கூட்டு மனவடு என்று எழுதினார். குடும்பமும் ஊரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் சேர்ந்தே உடைந்திருந்தன. அப்படி உடைந்த இடத்தில் ஒரு தாய் வாய் திறப்பதே பெரிய காரியம். அவர் சொன்னது கிணற்றடிக்கோ, கிராம அலுவலர் காதுக்கோ, சீருடைக்காரரிடமோ போய்விட்டால், அந்த ஊரில் அடுத்தவர் பேசமாட்டார்.

வாயைத் திறக்கவைக்க அவசரப்படுவதும் எல்லை மீறல்தான். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அவசரகால உளநல வழிகாட்டி, போரோ பேரிடரோ முடிந்த கையோடு ஒரே அமர்வில் துயரத்தைக் கிளறிவிட்டுப் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறது. தாய்க்காக முடிவெடுப்பதும் அப்படித்தான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே போய் உட்காருவதா, மகனுக்கு மரணச் சான்றிதழ் வாங்குவதா என்பது தாயின் முடிவு. துணையாளர் கூட இருக்கலாம். வழியை அவர் தீர்மானிக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் இடம், வழக்கம் பார்த்து யோசிக்கலாம். துணைநாடியோடு உடலுறவு கூடாது என்பதற்கு மட்டும் எந்த ஊரிலும் விலக்கு இல்லை. தன் துயரம் முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்த பெண், அவரிடம் தடையின்றி "வேண்டாம்" சொல்லும் நிலையில் இல்லை. அவர் "சரி" என்றாலும் பிழை துணையாளருடையதே.

ஆகவே, முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: எத்தனை மாதம் வருவேன், எதை யாரிடமும் சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் யாரிடம் சொல்லவேண்டிவரும். அப்படிச் சொல்லியிருந்தால் கடைசி நாளிலும் கேத்தில் ஏறும். கோப்பையை நீட்டும் தாய்க்கு, இந்தப் பிள்ளை சொல்லிவிட்டுத்தான் போகிறது என்பது தெரிந்திருக்கும். அவருடைய மகன் சொல்லிவிட்டுப் போகவில்லை.

(அடுத்த வாரம்: துணையாளரின் குறிப்பேடு யாருக்குச் சொந்தம்?)