கிட்டார் நமக்கு அந்நியமா?

பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "ஏதாவது ஒரு வாத்தியம் கற்றுக்கொடுக்கலாமே!" பாட்டி வீணை என்பார். அப்பா மிருதங்கம் என்பார். பிள்ளையோ, "எனக்குக் கிட்டார்தான் வேண்டும்" என்று அடம்பிடிக்கும். உடனே, "அது நம்முடைய வாத்தியம் இல்லையே! விருந்திலும் சினிமாவிலும் வாசிப்பதுதானே?" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அன்பர்களே, இந்தப் பதில் சரிதானா என்பதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு, அதுவும் தமிழராக இருந்துகொண்டு, கிட்டார் நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தக் கிட்டார்?

கிட்டாரில் பல வகை உண்டு. மின்சாரத்தில் ஒலிபெருக்கி வாசிப்பது ஒன்று. எஃகுக் கம்பி பூட்டியது இன்னொன்று. நாம் பேசப்போவது மூன்றாவது வகை. நைலான் தந்திகள் பூட்டி, உட்கார்ந்த நிலையில், விரல் நகங்களாலேயே மீட்டும் செவ்வியல் கிட்டார். நம் வீணையைப் போல இதற்கும் பாடமுறை உண்டு, பயிற்சி உண்டு, பல ஆண்டு உழைப்பும் உண்டு.

இன்று நாம் பார்க்கும் வடிவத்தை இதற்குக் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் அந்தோனியோ தே தோரெஸ் (1817-1892). தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர், கழுத்து உடலோடு சேரும் இடம் 12ஆம் மெட்டு என்னும் அளவுகள் அவர் கைவண்ணத்தால் நிலைபெற்றவை. மேற்பலகையின் தடிமன் இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையோடு அதை இழுக்கின்றன. பலகை தடித்திருந்தால் ஒலி எழாது. மெலிந்திருந்தால் உடைந்துபோகும். இதற்குத் தோரெஸ் கையாண்ட வழி, மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல ஏழு மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுவது. பாரத்தைச் சட்டங்கள் தாங்கிக்கொள்ள, பலகை தாராளமாக அதிரும்.

ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் இருக்கிறது என்பதை மெய்ப்பிக்க, 1862ல் முதுகையும் பக்கங்களையும் வெறும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார் அவர். அது இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் மலையில் விளைந்த மரம்

அப்படியானால் முதுகுக்கு எந்த மரமும் போதுமா? போதாது. ஒலிக்கு நிறமும் ஆழமும் சேர்ப்பது அதுதான். முன்பு இதற்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தையே பெரிதும் நாடினார்கள். வெட்டி வெட்டி அது அருகியது. 1960களின் இறுதியில் பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1992ல் அனைத்துலக வணிகத் தடையும் வந்தது. அந்த இடத்தைப் பிடித்த மரம் எது தெரியுமா? நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் நம்மவர்கள் அதைச் சொல்வார்கள்.

மேலைநாட்டுக் கடைகளில் 'இந்தியன் ரோஸ்வுட்' என்று பெருமையாக எழுதி வைத்திருக்கும் கிட்டாரின் முதுகும் பக்கங்களும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்தவை. விரல் வைக்கும் பலகைக்குப் பயன்படும் கருங்காலியும் நாம் அறியாத மரமல்ல.

ஆனால் ஈட்டி மரம் முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் 2017 முதல் எல்லா ரோஸ்வுட் வகைகளின் வணிகமும் அனைத்துலகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விதி தளர்ந்தது. ஒரு நல்ல கிட்டாரை வீணாக்குவது ஒரு மரத்தையும் வீணாக்குவதுதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

இசை தந்தவர்கள்

ஃபெர்னாண்டோ சோர் (1778-1839) எழுதிய பயிற்சிப் பாடங்களை மாணவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ்கோ தாரேகாவை (1852-1909) உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள். நோக்கியா கைப்பேசியின் மணியோசை நினைவிருக்கிறதா? அது 1902ல் அவர் இயற்றிய 'கிரான் வால்ஸ்' என்ற கிட்டார் இசையின் ஒரு சிறு துண்டு. தேக்கா சந்தையில் ஒரு காலத்தில் பத்துப் பைகளுக்குள்ளிருந்து ஒரே நேரத்தில் ஒலித்தது கிட்டார் இசைதான்!

வாக்கின் ரோத்ரிகோ மூன்று வயதில் பார்வையை இழந்தவர். அவர் கிட்டார் வாசிப்பவரும் அல்லர், பியானோக் கலைஞர். ஆனாலும் 1939ல் அவர் எழுதிய 'கான்சியெர்த்தோ தே அரான்ஹுவெஸ்' கிட்டாரை முழு இசைக்குழுவுக்கு முன்னால் துணிந்து நிற்க வைத்தது.

கிட்டாரைப் பெரிய அரங்குகளுக்கு அழைத்துச் சென்றவர் ஆந்த்ரே செகோவியா (1893-1987). பெரும்பாலும் தாமே முயன்று கற்றவர். அவர் காலத்தில் தந்திகள் ஆட்டுக்குடலால் ஆனவை. இரண்டாம் உலகப் போரின்போது அறுவைச் சிகிச்சைத் தையலுக்குக் குடல் தேவைப்பட்டதால் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கைவினைஞர் நைலானில் தந்தி செய்தார். செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இன்று உலகமே நைலானுக்கு மாறிவிட்டது.

நம் ஊர்ப் பெரியவர்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 'சிங்கப்பூர்க் கிட்டார் இசையின் தந்தை' என்று எல்லா இனத்தவரும் போற்றும் பெயர் அலெக்ஸ் அபிஷேகநாதன். பெயரிலேயே தமிழ் இருக்கிறது, பாருங்கள். 1926ல் பிறந்தவர். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பயின்றவர். கல்வித் துறையில் பணியாற்றியவர். 1970களில் தொலைக்காட்சி வழியாகவே கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஆசிரியருக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பாடம் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

1981ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய கிட்டார் குழு, பல துறை மாணவர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது. அந்தக் குழுவுக்காக நம் தேசிய மலரான 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' பெயரில் ஓர் இசைப்படைப்பையும், 'கேமலான்' என்று இன்னொன்றையும் எழுதினார். ஸ்பெயினில் பிறந்த வாத்தியத்துக்கு நம் வட்டாரத்தின் வாசனையைக் கொடுத்தார். 1988ல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவருடைய அண்ணன், இசைக்குழு நடத்துநர் பால் அபிஷேகநாதனுக்கு 1986லேயே அப்பதக்கம் கிடைத்திருந்தது. மகள் ஜசிந்தா புகழ்பெற்ற பாடகி. 2023ல், 97ஆம் வயதில் அலெக்ஸ் மறைந்தார்.

மற்ற இனத்துக் கிட்டார் மாணவர்கள் மரியாதையோடு உச்சரிக்கும் இந்தப் பெயரை நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? வருத்தப்பட வேண்டிய இடம் இதுதான். நம்மவர் ஒருவர் இந்த ஊரில் நட்டு வளர்த்த மரத்தை, 'இது நம்முடையது இல்லை' என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வீணையை விடச் சொல்லவில்லை

"அப்படியானால் வீணையை விட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. வீணையின் 24 மெட்டுகள் மெழுகின்மேல் அமைந்தவை. ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைக் காட்டலாம். கமகம் அங்கே இயல்பாகப் பிறக்கிறது. செவ்வியல் கிட்டாரில் அது கடினம். ஆனால் கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைப் பிடிக்க, மற்ற விரல்கள் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்தே ஒலிக்க, ஒரே ஆள் சிறு இசைக்குழுபோல வாசிக்கலாம். இரண்டும் இருவேறு திறமைகள். இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வையும் எழுதியவர். அதனால் அவருடைய நாட்டுப்புற மெட்டின் மண்வாசனை குறைந்துவிட்டதா? ஆர். பிரசன்னா மின்கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார். ஒன்றைக் கற்ற காது இன்னொன்றையும் கூர்ந்து கேட்கும்.

வாங்குமுன் கவனியுங்கள்

கற்றுக்கொடுக்க முடிவு செய்தால் சில செய்திகளை மனத்தில் வையுங்கள். சிறு பிள்ளைக்கு முழு அளவுக் கிட்டார் வேண்டாம். அரை அளவிலும் முக்கால் அளவிலும் கிடைக்கிறது. செவ்வியல் கிட்டாரில் எஃகுக் கம்பி பூட்டவே கூடாது. அதன் இழுவிசை நைலானைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தந்தியைத் தாங்கும் கட்டை பெயர்ந்து வந்துவிடும்.

இன்னொன்று நம் ஊரின் ஈரப்பதம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நல்ல கிட்டார்கள் 50 விழுக்காட்டை ஒட்டிய வறண்ட பட்டறைகளில் செய்யப்படுகின்றன. இங்கே வந்ததும் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். தந்தி விரல்பலகையிலிருந்து விலகி மேலே ஏறும். அழுத்த முடியாமல் பிள்ளையின் விரல் வலிக்கும். "எனக்கு வரவில்லை" என்று அது சோர்ந்துவிடும். குறை பிள்ளையிடம் இல்லை, மரத்தில் இருக்கும். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். சன்னலோரத்திலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள்.

வாத்தியத்துக்குச் சாதியும் இனமும் கிடையாது, அன்பர்களே. அதை யார் உழைத்துக் கற்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். அலெக்ஸ் அபிஷேகநாதன் உழைத்தார், சொந்தமாக்கிக்கொண்டார், ஊருக்கே பகிர்ந்தளித்தார். அந்தச் சொத்தில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.