குடலுக்குச் சொல்லும் ஆற்றுக் கதை
ஹிப்னாடிசம் என்றதும் மேடை வித்தைதான் நினைவுக்கு வருகிறது. மருத்துவத்தில் அதன் பயன் வேறு. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறில் ஸ்கேனில் எதுவும் தெரியாது. வலியும் உப்புசமும் ஆளை விடாது. மருந்துக்கு மசியாத 30 பேரிடம் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் ஹிப்னோ சிகிச்சையைச் சோதித்து, 1984-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். அங்கே வளர்ந்த முறையில், நோயாளி கண்மூடித் தளர்ந்திருக்க, வயிற்றின்மேல் கை வைத்து அதன் இளஞ்சூட்டை உணரச் சொல்வார்கள். குடலைச் சீராக ஓடும் ஆறாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள்.

வெறும் நம்பிக்கைதானே குணமாக்கியது என்ற கேள்வி நியாயமானதே. அதனால்தான் பாதிப் பேருக்கு மனநல ஆலோசனையோடு மருந்தில்லாத போலி மாத்திரை தந்து ஒப்பிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சிறு பலன். ஹிப்னோ சிகிச்சை பெற்றவர்களுக்கோ பெரும் நிவாரணம். 30 பேர் குறைவுதான். ஆனால் பின்னாளில் நெதர்லாந்தில் 350-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலும் பலன் தெரிந்தது. சுயநினைவு போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். நோயாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டி வேறு நோயில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.