தோலுக்குள் ஓர் அணிகலன்

கண்ணாடியின் முன்நின்று ஒரு முறையேனும் தம்மை அழகு பார்த்துக்கொள்ளாதவர் நம்முள் எவர்? அழகு செய்துகொள்ளும் ஆசை மனிதனுடன் கூடவே பிறந்தது. 1991ஆம் ஆண்டில் இத்தாலியின் எல்லையை அடுத்த அல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து ஓர் ஆடவனின் உடல் வெளிப்பட்டது. அவன் மாண்டு ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் கழிந்திருந்தும் தோல் அழியவில்லை. ஆராய்ந்தோர் அதில் 61 பச்சைக் குறிகளை எண்ணினர்; துளையிட்டு விரிக்கப்பெற்ற காதுமடல்களையும் கண்டனர். குறிகளுட் பல மூட்டுக்களின் அருகே இருந்தமையால், அவை நோவு தீர்க்கக் குத்தியவையாகவும் இருக்கலாம் என்பர் அறிஞர்.

தென்பாண்டி நாட்டு மூதாட்டியர் காது வளர்த்துப் பாம்படம் பூண்டதும், நம் வீடுகளிற் குழந்தைக்குக் காது குத்துவதும் இந்த நெடிய வழக்கத்தின் தொடர்ச்சியே. ஆகவே, எதிர்காலத்தில் மனிதன் தன் உடலிற் பொறிகளை அணிவான், பதிப்பான் என்று கேட்டு நாம் திடுக்கிட வேண்டியதில்லை. ஆனால் சிந்திக்க வேண்டியது நிரம்ப உண்டு.

கருவி அணியாகிறது

கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் அது மகளிர்க்குரிய அணியென்றே கருதப்பட்டது. 1914இல் மூண்ட முதல் உலகப் போரிலே, சட்டைப்பையைத் துழாவ நேரமற்ற வீரர்கள் அதனை மணிக்கட்டிற் கட்டிக்கொண்டனர். போர் ஓய்ந்தபின் அது ஆடவர்க்கும் நாகரிகமாயிற்று. இன்றோ அதே மணிக்கட்டிலுள்ள கருவி நாடித் துடிப்பையும், நடந்த அடிகளையும், உறங்கிய நேரத்தையும் கணக்கிடுகிறது. விரலில் அணியும் மோதிரமும் இப்பணியைச் செய்கிறது.

இக்கருவிகள் அறிந்ததைத் தம்முள் வைத்துக்கொள்வதில்லை. ஓடுவோரின் பாதைகளைத் திரட்டும் ஸ்ட்ராவா என்னும் நிறுவனம், 2017இல் உலகப் படமொன்றை வெளியிட்டது. பயிற்சிக்காக ஓடிய படைவீரர்களின் பாதைகளும் அதில் ஒளிக்கோடுகளாய்த் தெரிந்தன. மறைவான படைமுகாம்கள் சில இதனால் வெளிப்பட்டமை 1918க்கு நூறாண்டு கழித்து, 2018 ஜனவரியில் உலகறிந்த செய்தியாயிற்று. போர்க்களத்திற் பெருமை பெற்ற மணிக்கட்டுக் கருவி, போர்வீரரையே காட்டிக் கொடுத்துவிட்டது!

தோலைக் கடந்து

அடுத்த படி தோலுக்கு உள்ளே செல்கிறது. பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வோர்விக், 1998இல் தம் கையினுள்ளே ஒரு சிறு சில்லைப் பதித்துக்கொண்டார். அவர் அணுகியதும் கதவுகள் திறந்தன, விளக்குகள் எரிந்தன. பின்னர் சுவீடனில் அரிசிமணி அளவான சில்லைச் சில ஆயிரம் பேர் தாமாகவே விரும்பிப் பதித்துக்கொண்டனர். அவர்களுக்குக் கையே திறவுகோலாயிற்று.

நீல் ஹார்பிசன் என்னும் கலைஞரின் கதை இன்னும் வியப்பானது. பிறவியிலேயே நிறமறியாத இவர், 2004இல் தம் மண்டையோட்டில் ஓர் உணர்கொம்பைப் பொருத்திக்கொண்டார். அது நிறங்களை ஒலியாக மாற்றி அவருக்கு உணர்த்துகிறது. முன்பு அழகாகத் தோன்ற உடுத்திய தாம், இப்பொழுது இனிமையாக ஒலிக்கும் வண்ணம் உடுத்துவதாக அவர் கூறியுள்ளார். உடைத் தேர்வு கண்ணை விட்டுக் காதுக்குச் சென்றுவிட்டது!

கைவிடப்பட்டோர்

இவ்வியப்பினூடே ஒரு துயரக் கதையையும் நாம் மறத்தலாகாது. விழித்திரை நோயாற் பார்வையிழந்தோர்க்காக, அமெரிக்காவின் செக்கன்ட் சைட் நிறுவனம் ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியைச் செய்தது. மூக்குக்கண்ணாடியிலுள்ள ஒளிப்படக் கருவி காண்பதை, கண்ணுக்குள் வைத்த மின்முனைகள் ஒளிப்புள்ளிகளாய் உணர்த்தின. உலகெங்கும் 350க்கு மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டனர். இருளில் இருந்தவர்க்கு ஒளியின் நிழலும் பெருஞ்செல்வமன்றோ!

ஆனால் 2019இல் அந்நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது; 2020இற் பணமுடை ஏற்பட, ஊழியர் பெரும்பாலோரை விலக்கியது. கருவி பழுதுற்றால் திருத்துவாரின்றி, அதனைப் பதித்துக்கொண்டோர் திகைத்தனர். உடலில் இருப்பது அவர்களுடைய கண். அதனை இயக்கும் அறிவோ பிறர் கையில்!

பழைய அணிக்கும் புதிய அணிக்கும் உள்ள வேற்றுமை இதுதான். தோடு செய்த பொற்கொல்லர் பட்டறையை மூடிச் சென்றாலும், ஆச்சியின் தோடு ஆச்சியுடையதே. அதைப் பேர்த்தியும் அணியலாம். வேண்டாவிடிற் கழற்றியும் வைக்கலாம். உடலிற் பதித்த பொறி அத்தகையதன்று. செய்தவர் கைவிட்டால் அது செயலற்றுப் போகலாம். அகற்றுவதற்கும் சத்திரசிகிச்சை வேண்டும்.

இளம் மாணவர்களே! இத்தகைய கருவிகளை நாளை அணியப் போகின்றவர்கள் நீங்கள். ஆக்கப் போகின்றவர்களும் நீங்களே. புதுமையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அழகுக்காயினும் மருந்துக்காயினும் ஒரு பொறியை உடலில் ஏற்கும்முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது அறிந்துகொள்வது யாரைச் சென்றடைகிறது? பழுதுற்றால் திருத்துபவர் யார்? விரும்பும்போது கழற்ற இயலுமா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, தோலின் வாயிலை நாம் திறவாதிருப்பதே நன்று.