கிழக்கிந்திய நாடுகளிடைச் சட்ட வரலாறு (நூல்)

ஆன் இன்ட்ரொடக்சன் டு த இசுட்டரி ஆஃப் த லா ஆஃப் நேசன்சு இன் த ஈசுட் இன்டீசு என்பது சார்லசு என்றி அலெக்சாண்ட்ரோவிச் எழுதிய பன்னாட்டுச் சட்ட வரலாற்று நூலாகும். 1967 ஆம் ஆண்டு ஆக்சுபோர்டின் கிளாரண்டன் அச்சகம் இதனை வெளியிட்டது. 16, 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஆசிய அரசர்களும் ஐரோப்பியரும் எந்தச் சட்ட அடிப்படையில் உடன்படிக்கை செய்துகொண்டனர் என்பதை இந்நூல் ஆராய்கிறது. வலிமையில் சமமற்ற இருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பிற்காலத்தவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி தமிழ்நாடு - கருநாடக எல்லையில் இன்றும் எழுவதால், இந்நூல் தமிழ் வாசகர்களுக்கும் பயனுடையது.

நூலாசிரியர்

அலெக்சாண்ட்ரோவிச் (1902 - 1975) போலந்து நாட்டுச் சட்ட அறிஞர் ஆவார். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1952 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட பன்னாட்டு விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூலின் பதிப்பாசிரியராகவும் விளங்கினார். பின்னர் ஆத்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். இவருடைய கட்டுரைகளின் தொகுப்பு 2017 இல் டேவிட் ஆர்மிட்டேச், செனிபர் பிட்சு ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தால் வெளியிடப்பட்டது.

மையக் கருத்து

பன்னாட்டுச் சட்டம் ஐரோப்பாவில் தோன்றிப் பின்னர் ஏனைய கண்டங்களுக்கு வழங்கப்பட்டது என்பதே அக்காலத்துப் பாடநூல்களின் பொதுவான கருத்து. அலெக்சாண்ட்ரோவிச் இதனை மறுத்தார். 19 ஆம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பியர் ஆசிய அரசர்களை இறையாண்மை உடையவர்களாகவே ஏற்று, அவர்களுக்குத் தூது அனுப்பி, உடன்படிக்கை செய்து, வணிக உரிமைகளைக் கேட்டுப் பெற்றனர் என்பது அவர் வாதம். அன்றைய சட்டம் இயற்கைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டிருந்ததால் சமயமோ இனமோ அதற்குத் தடையாகவில்லை.

டச்சு அறிஞர் ஊகோ குரோட்டியசு 1609 இல் வெளியிட்ட "கட்டற்ற கடல்" என்னும் நூலை அவர் முக்கியச் சான்றாகக் காட்டுகிறார். கிழக்கிந்தியப் பகுதிகளுக்குச் சொந்த அரசர்கள் இருந்தமையால், "கண்டுபிடித்தோம்" என்று கூறிப் போர்த்துக்கேயர் அவற்றின்மீது உரிமை கோர இயலாது எனக் குரோட்டியசு வாதிட்டார்.

19 ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. அரசுகளின் இசைவே சட்டத்தின் மூலம் என்ற கோட்பாடு வலுப்பெற்றது. "நாகரிக" நாடுகள் மட்டுமே அச்சட்டத்தின் உறுப்பினர்கள் எனக் கொள்ளப்பட்டது. முன்பு உடன்படிக்கை செய்த ஆசிய அரசர்கள் இப்போது சட்டத்தின் வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டனர்.

பாராமகால்: ஓர் எடுத்துக்காட்டு

இக்கருத்தை இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்தின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிருட்டிணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி மைசூர் அரசுக்கும் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் இடையே நடந்த போர்களின் களமாக இருந்தது.

1769: ஐதர் அலி தம் குதிரைப்படையுடன் சென்னையை நெருங்கியபோது கம்பனி அமைதி உடன்படிக்கைக்கு இணங்கியது. மூன்றாம் தரப்பு தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. பின்னர் மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பனி உதவவில்லை.

1792: சிறீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் ஆட்சிப்பகுதியில் பாதியளவை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் இழப்பீட்டுக்குப் பிணையாகத் தம் இரு மகன்களையும் அனுப்பினார். பாராமகால் கம்பனிக்குச் சென்றது. 1791 இல் கம்பனிப் படை தாக்கியும் கைப்பற்ற இயலாத கிருட்டிணகிரி மலைக்கோட்டை, மறு ஆண்டு இந்த உடன்படிக்கையின் மூலம் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமசு மன்றோவும் இரயத்துவாரி வரிமுறையை இப்பகுதியில்தான் வகுக்கத் தொடங்கினர்.

1799: திப்புவின் மறைவுக்குப் பின் ஓசூர்ப் பகுதியும் கம்பனியின் கீழ் வந்தது. மைசூர் அரியணையில் அமர்த்தப்பட்ட சிறுவர் மூன்றாம் கிருட்டிணராச உடையாருடன் செய்யப்பட்ட உடன்படிக்கை, தேவைப்பட்டால் நிருவாகத்தையே எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கம்பனிக்கு அளித்தது. 1831 இல் அவ்வுரிமை பயன்படுத்தப்பட்டது. 1881 இல்தான் ஆட்சி மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

முதல் இரண்டு உடன்படிக்கைகளும் படைவலிமையின் நிழலில் உருவானவை. 1769 இல் நெருக்கடி கம்பனிக்கு, 1792 இல் மைசூருக்கு. எனினும் இரண்டிலும் இரு தரப்பும் இறையாண்மை உடையனவாகவே கையெழுத்திட்டன. 1799 இல் அந்தச் சமநிலை முறிந்தது.

வற்புறுத்தலும் ஒப்பந்தமும்

தனிமனிதர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 15 ஆம் பிரிவில் வற்புறுத்தலையும் 16 ஆம் பிரிவில் தகாத செல்வாக்கையும் வரையறுக்கிறது. இவற்றால் பெறப்பட்ட இசைவு உண்மையான இசைவாகாது. பாதிக்கப்பட்டவர் அவ்வொப்பந்தத்தை நீக்கக் கோரலாம். பொல்லாக், முல்லா ஆகியோர் 1905 இல் வெளியிட்ட உரைநூல் இப்பிரிவுகளை விரிவாக விளக்குகிறது.

நாடுகளுக்கு இடையில் இவ்விதி மிகத் தாமதமாகவே வந்தது. தோற்றவர் கையெழுத்திட்ட அமைதி உடன்படிக்கை செல்லும் என்பதே பழைய நடைமுறை. 1969 ஆம் ஆண்டின் வியன்னா உடன்பாட்டின் 52 ஆவது விதிதான், ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு மாறான படைவலிமையால் பெறப்பட்ட உடன்படிக்கை செல்லாது என்று எழுத்தில் வகுத்தது.

1892 ஒப்பந்தமும் தென்பெண்ணையும்

1892 ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசும் மைசூர் அரசும் ஆற்றுநீர் குறித்து ஓர் ஒப்பந்தம் செய்தன. அட்டவணையில் குறிக்கப்பட்ட ஆறுகளில் சென்னை அரசின் முன் இசைவின்றி மைசூர் புதிய நீர்த்தேக்கங்களைக் கட்டலாகாது என்பது அதன் சாரம். காவிரி, பாலாறு ஆகியவற்றுடன் தென்பெண்ணையும் அவ்வட்டவணையில் உள்ளது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைந்து கெலவரப்பள்ளி, கிருட்டிணகிரி அணைகளை நிரப்புகிறது.

சமமற்ற வலிமையுடையோர் செய்த ஒப்பந்தம் என்பதால் இது செல்லாது எனக் கருநாடகம் வாதிட்டது. காவிரி வழக்கில் 2018 பெப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1892, 1924 ஒப்பந்தங்கள் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை அல்ல என்றும், விடுதலையால் தாமாகவே முடிவுறவில்லை என்றும் கூறியது. 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டு முடிவில், 1974 இல் காலாவதியானதாகக் கொண்டது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை தொடர்பாகத் தமிழ்நாடு தாக்கல் செய்த இடைக்கால மனுவை 2019 நவம்பர் 14 அன்று அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்து, தீர்ப்பாயம் அமைக்குமாறு நடுவண் அரசை அணுகலாம் என்றது.

1892 ஒப்பந்தம் கட்டுமானங்களைக் குறித்தே பேசுகிறது. பெங்களூரு நகரக் கழிவுநீர் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் இன்றைய சிக்கலுக்கு அதில் விடை இல்லை.

திறனாய்வு

அலெக்சாண்ட்ரோவிச் கூறும் சமத்துவம் ஏடுகளில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பது இந்நூலின் மீதான முக்கியக் குறை. இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட சட்ட அறிஞர் அந்தோனி அங்கி, குடியேற்றவாதம் 19 ஆம் நூற்றாண்டில் இடையில் புகுந்தது அன்று, இறையாண்மைக் கோட்பாடே தொடக்கம் முதல் அதனோடு சேர்ந்து உருவானது எனக் காட்டினார். ஆயினும் ஆசிய அரசர்களின் உடன்படிக்கைகளைச் சட்ட ஆவணங்களாகப் படிக்கும் வழியைத் திறந்துவிட்டது என்ற வகையில் இந்நூல் முன்னோடியாகக் கருதப்படுகிறது.