இருநூற்று ஐம்பத்தெட்டுக் கட்டம்!

ஐம்பது வீட்டு அம்மாமார்களிடம் ஒரே அளவு புளி, ஒரே அளவு பருப்பு, ஒரே அளவு மிளகு சீரகம் கொடுத்து ரசம் வைக்கச் சொல்லுங்கள். ஐம்பது ருசி வரும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. "நம் வீட்டு ரசம் போல் வராது" என்று ஐம்பது புருஷன்மார்களும் சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் பாடு!

ஆனால் ஐம்பது நீதிபதிகளிடம் ஒரே வழக்குக் கட்டைக் கொடுத்து, "இவனுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டால்?

அமெரிக்காவிலே இப்படி ஒரு பரீட்சை நடத்திப் பார்த்து, 1974-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் ஆகிய மூன்று ராஜ்யங்களில் உள்ள நீதிபதிகள் 50 பேர் அதில் கலந்துகொண்டார்கள். மிரட்டிப் பணம் பறித்த ஓர் ஆசாமியின் வழக்கும் கட்டில் இருந்தது. ஒரு நீதிபதி அவனுக்கு 20 வருஷச் சிறைவாசமும் 65,000 டாலர் அபராதமும் விதித்தார். இன்னொருவர் 3 வருஷம் போதும், அபராதமே வேண்டாம் என்றார். அதே ஆசாமி, அதே குற்றம், அதே காகிதங்கள். எந்த அறையின் கதவுக்குள் நுழைகிறானோ அதைப் பொறுத்து அவன் வாழ்நாளில் 17 வருஷம் போகும், அல்லது மிஞ்சும்!

ஒரு நீதிபதியின் ஆதங்கம்

இந்த அநியாயத்தை வெளிப்படையாகச் சொன்னவரும் ஒரு நீதிபதிதான். மார்வின் பிராங்கல் என்று பெயர். நியூயார்க்கில் நீதிபதியாக இருந்துகொண்டே, 1973-ல் தண்டனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குற்றத்தை நிரூபிப்பதற்கு ஆயிரம் விதிகள் வைத்திருக்கிறோம். தண்டனையை நிர்ணயிப்பதற்கு மட்டும் ஒரு விதியும் இல்லையே என்பதே அவருடைய ஆதங்கம். இதற்கென்று நிபுணர்கள் கொண்ட ஒரு கமிஷன் வேண்டும் என்று யோசனையும் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் சொந்தக் கோர்ட்டுகள் உண்டு. அவற்றோடு, நாடு முழுவதற்கும் பொதுவான மத்திய சர்க்கார் கோர்ட்டுகளும் உண்டு. 'பெடரல்' கோர்ட்டு என்பார்கள். ராஜ்யம் விட்டு ராஜ்யம் போதை மருந்து கடத்துவது, தபால் மூலம் மோசடி செய்வது போன்ற வழக்குகள் அங்கே போகும். நாம் பேசுவது இந்தக் கோர்ட்டுகளைப் பற்றித்தான்.

பிராங்கல் சொன்ன யோசனை பதினோரு வருஷம் கழித்துப் பலித்தது. 1984-ல் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. தண்டனைக் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. அதுவரையில் நீதிபதி விதிக்கும் வருஷம் ஒன்று, ஆசாமி சிறையில் இருக்கும் வருஷம் வேறொன்று. நடுவில் 'பரோல்' குழு உட்கார்ந்து, "இவன் திருந்திவிட்டான், போகலாம்" என்று விட்டுவிடும். புதுச் சட்டம் அந்தப் பரோலையும் எடுத்துவிட்டது. 1987 நவம்பர் 1-ந் தேதியிலிருந்து புது விதிகள் அமலுக்கு வந்தன.

ஜாதகம் போல ஓர் அட்டவணை

அந்த விதிப் புத்தகத்தின் உயிர்நிலை ஒரே ஓர் அட்டவணை. நம் ஜோசியர் பன்னிரண்டு கட்டம் போட்டுப் பலன் சொல்கிறார் அல்லவா? கமிஷன் போட்டது 258 கட்டம்!

மேலிருந்து கீழே 43 படிகள். குற்றம் எவ்வளவு பெரிது என்பதை இவை காட்டும். இடமிருந்து வலமாக 6 பத்திகள். ஆசாமியின் பழைய சரித்திரம் எப்படி என்பதை இவை காட்டும். 43-ஐ 6-ஆல் பெருக்கினால் 258. படியும் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை மாதத்திலிருந்து இத்தனை மாதம் வரை என்று எழுதியிருக்கும்.

கொள்ளையடித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கணக்கு 20-வது படியில் ஆரம்பிக்கும். துப்பாக்கியால் சுட்டிருந்தால் 7 படி ஏற்றம். "செய்தது தப்புத்தான்" என்று மனமார ஒப்புக்கொண்டால் 2 படி இறக்கம். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் 20-லேயே நின்றால், முதல் பத்தியில் 33 முதல் 41 மாதம். ஆறாவது பத்தியில் 70 முதல் 87 மாதம். குற்றம் ஒன்றேதான், பழைய கணக்கு, தண்டனையை இரண்டு பங்காக்கிவிடுகிறது.

இந்தப் பழைய கணக்குக்கும் மார்க்கு உண்டு. முன்பு 13 மாதத்துக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றிருந்தால் 3 மார்க்கு. 60 நாளுக்குக் குறையாமல் இருந்தால் 2. அதற்கும் குறைவாக இருந்தால் 1. பள்ளிக்கூடத்தில் மார்க்கு வாங்காவிட்டால் உதை. இங்கே வாங்கினால் உதை! 13 மார்க்கு சேர்ந்துவிட்டால் ஆறாவது பத்தி.

பழையதை ஏன் இவ்வளவு கிளற வேண்டும்? தப்பைத் திரும்பச் செய்கிறவனுடைய குற்றம் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் ஜாதக சம்பந்தமானது. முன்பு செய்தவன் பின்பும் செய்வான் என்ற எதிர்பார்ப்பு. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே வாக்குத்தான்.

பலன் பலித்ததா?

ஜோசியர்கள் தாங்கள் சொன்ன பலன் பலித்ததா என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கமிஷன் அதைச் செய்தது. 2005-ல் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும், சிறைக்குப் போகாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்களுமாக 25,431 பேரை எடுத்துக்கொண்டு, எட்டு வருஷம் அவர்கள் கதை என்னவாயிற்று என்று பார்த்தது. 2016-ல் முடிவுகள் வெளிவந்தன.

நூற்றுக்கு 49.3 பேர் மறுபடி கைதானார்கள். கிட்டத்தட்ட சரிபாதி. புதுக் குற்றம் மட்டுமல்ல, விடுதலை நிபந்தனையை மீறியதும் இந்தக் கணக்கில் உண்டு. கைதான எல்லோரும் சிறைக்குப் போய்விடவில்லை. திரும்பச் சிறை புகுந்தவர்கள் நூற்றுக்கு 24.6 பேர்.

பத்திகளின் பலன் நன்றாகவே பலித்தது. முதல் பத்திக்காரர்களில் மறுபடி கைதானவர்கள் நூற்றுக்கு 33.8. ஆறாவது பத்தியில் 80.1. இடையிலுள்ள பத்திகள் படிப்படியாக ஏறின. "பார்த்தீர்களா, தொட்டில் பழக்கம்!" என்று பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் தட்டலாம்.

பாட்டி சற்றுப் பொறுக்க வேண்டும்.

விட்டுப்போன கட்டம்

அதே கணக்கை வயதுப்படி பிரித்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. 21 வயதுக்குள் வெளியே வந்தவர்களில் மறுபடி கைதானவர்கள் நூற்றுக்கு 67.6. அறுபதைத் தாண்டி வெளியே வந்தவர்களில் 16 பேர்தான்!

"வயதானவர்கள் முதலிலிருந்தே சாதுக்களாக இருந்திருப்பார்கள்" என்று தோன்றுகிறதல்லவா? கமிஷனும் அதை யோசித்து, 2017-ல் பத்தியையும் வயதையும் சேர்த்தே பார்த்தது. முதல் பத்தியில், அதாவது ஏறக்குறையச் சுத்தமான சரித்திரம் உள்ளவர்களில், 30 வயதுக்குள் வெளியே வந்தவர்கள் நூற்றுக்கு 53 பேர் மறுபடி கைதானார்கள். ஆறாவது பத்தியில், பழைய கேடிகள் என்று பெயர் வாங்கியவர்களில், அறுபது வயதானவர்கள் நூற்றுக்கு 37.7 பேர்தான் கைதானார்கள். சுத்தமான சரித்திரமுள்ள வாலிபனைவிட, மோசமான சரித்திரமுள்ள கிழவனை நம்பி வெளியே விடலாம் என்று கணக்கே சொல்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு வரை போகவில்லை. நரை கண்டதும் பாதி வழியில் நின்றுவிடுகிறது!

விசித்திரம் என்னவென்றால், 258 கட்டத்தில் வயதுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

படிப்பும் அப்படியே. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களில் நூற்றுக்கு 60.4 பேர் மறுபடி கைதானார்கள். கல்லூரிப் பட்டம் பெற்றவர்களில் 19.1. அதற்கும் கட்டம் கிடையாது. குடும்பமோ? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, வயோதிகத் தாயார் இருக்கிறாள் என்பதெல்லாம் சாதாரணமாகக் கவனிக்கத்தக்கதல்ல என்றே ஆதியில் விதிப் புத்தகம் எழுதி வைத்திருந்தது. எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தராசில் ஒரு தாயார் நிற்கும்போது, தட்டில் அவள் மட்டுமா நிற்கிறாள்? நம் வாசகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தானாக வந்த பரீட்சை

தண்டனையைக் குறைத்தால் ஊர் கெட்டுவிடாதா? நியாயமான பயம்தான். இதற்குப் பதில் ஒரு போதை மருந்துச் சட்டத்தின் வழியாக வந்தது.

கொக்கேயின் என்ற போதைச் சரக்கு தூளாகவும் வரும்; 'கிராக்' என்ற கட்டியாகவும் வரும். 1986-ல் வந்த சட்டப்படி, 500 கிராம் தூள் விற்றவனுக்குக் குறைந்தது 5 வருஷம். கட்டியாக இருந்தால் 5 கிராமுக்கே அதே 5 வருஷம்! நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் கட்டி விற்றுத் தண்டனை அடைந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இது அநீதி என்ற குரல் வலுத்தது. சட்டத்தைத் திருத்தக் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தன் அட்டவணை தன் கையில் இருக்கிறதே! 2007-ல் கட்டி வழக்குகளில் 2 படி இறக்கிற்று. ஏற்கெனவே சிறையில் இருந்தவர்களும் 2008 மார்ச் முதல் கோர்ட்டில் மனுச் செய்துகொண்டு முன்னதாக வெளியே வரலாம் என்றது.

ஒரு பக்கம், இப்படிச் சீக்கிரம் வந்தவர்கள். மறுபக்கம், விதி மாறுவதற்குச் சற்று முன் தண்டனையை முழுக்க அனுபவித்துவிட்டு வந்தவர்கள். இரு சாராரையும் ஐந்து வருஷம் கவனித்தார்கள். சீக்கிரம் வந்தவர்களில் மறுபடி தப்புச் செய்தவர்கள் நூற்றுக்கு 43.3, முழுக்க இருந்தவர்களில் 47.8. இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசமில்லை என்று 2014-ல் கமிஷன் அறிவித்தது. அந்த மாதங்களைச் சிறையில் கழித்ததால் ஊருக்குக் கூடுதலாக ஒரு பாதுகாப்பும் கிடைத்துவிடவில்லை. 2010-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையும் நூற்றுக்கு ஒன்றை, பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்திருந்தது.

இதனால் நீண்ட தண்டனையே வீண் என்று சொல்லிவிடலாமா? முடியாது. 2020-ல் கமிஷன் இன்னோர் ஆராய்ச்சி வெளியிட்டது. 10 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவர்கள், மற்ற விஷயங்களில் தங்களை ஒத்திருந்து குறைந்த காலமே சிறையில் இருந்தவர்களைவிட, மறுபடி தப்புச் செய்வது ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது. 5 முதல் 10 வருஷம் இருந்தவர்களிடம் 17 பங்கு குறைவு. 5 வருஷத்துக்கு உட்பட்ட தண்டனைகளில் கூட்டினாலும் குறைத்தாலும் வித்தியாசம் தென்படவில்லை. மருந்து மாதிரிதான். இரண்டு வேளைக்குப் பதில் மூன்று வேளை கொடுத்தால் எல்லா வியாதியும் குணமாகிவிடுவதில்லை.

கட்டம் தளர்ந்தது

2005-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்புச் சொல்லிற்று. நீதிபதி அட்டவணையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று. கட்டளையாக இருந்தது யோசனையாக மாறியது.

கணக்குகளும் வீண் போகவில்லை. முதல் பத்திக்குள்ளேயே, ஒரு மார்க்கும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 30.2 பேரும், ஒரே ஒரு மார்க்கு உள்ளவர்களில் 46.9 பேரும் மறுபடி கைதானது தெரிந்ததல்லவா? இருவரையும் ஒரே பத்தியில் உட்கார்த்தி வைத்திருந்தது சரியில்லை என்று பட்டது. 2023 நவம்பரிலிருந்து, பூஜ்யம் மார்க்குக்காரர்களில் பலாத்காரம் முதலிய கொடுமைகள் செய்யாதவர்களுக்கு 2 படி இறக்கினார்கள். பழைய கைதிகளுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஆறாவது பத்தியில் நூற்றுக்கு எண்பது பேர் திரும்பி வந்தார்கள் என்றால், இருபது பேர் வரவில்லை. அவர்கள் நெற்றியிலும் அதே ஆறுதான் எழுதியிருந்தது. எந்த இருபது பேர் என்று அட்டவணைக்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் எண்ணை விட்டுவிட்டு எதிரே நிற்கும் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பது நீதிபதிகள் ஐம்பது விதமாகப் பார்த்ததால்தான் கட்டமே போட நேர்ந்தது என்பதும் உண்மை. கட்டமும் வேண்டும், கண்ணும் வேண்டும். அளவுக் கரண்டி வைத்திருக்கிற வீட்டிலும், ரசத்தை இறக்குமுன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கத்தானே செய்கிறோம்?