மூங்கில் பெட்டி போட்டால் கணினி பசுமையாகிவிடுமா?

2008-இல் ஆசுஸ் நிறுவனம் மூங்கில் மேலுறை கொண்ட மடிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்க்க அழகுதான். மூங்கில் சீக்கிரம் வளரும், வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் அதைப் பலகையாக்கப் பசை வேண்டும். மேசைக் கணினியின் இரும்புப் பெட்டி மின்காந்தக் குறுக்கீட்டையும் தடுக்கிறது; மூங்கிலால் அது முடியாது, உள்ளே உலோகத் தகடு ஒட்ட வேண்டும். இப்படிக் கலந்துகட்டியதைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

சாதாரண இரும்புப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டாலும் உருக்கு ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அலுமினியம் இன்னும் மேல்: தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் இருந்தால் பழையதை உருக்கிவிடலாம்.

சரி, கணினியின் சுற்றுச்சூழல் சுமை எங்கே இருக்கிறது? உள்ளே! ஐ.நா. பல்கலைக்கழகத்தின் 2004 ஆய்வின்படி, திரையோடு சேர்த்து ஒரு மேசைக் கணினியைச் செய்ய சுமார் 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 கிலோ தண்ணீர் செலவானது. அதில் கணிசமான பங்கை விழுங்குவது சில்லுகள், சர்க்யூட் பலகைகள் ஆகியவற்றின் தயாரிப்புதான்; பெட்டி அல்ல.

சுமை தயாரிப்பில் இருப்பதால், இருக்கும் கணினியை நீண்ட நாள் ஓட்டுவதே நல்லது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறது. பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய இத்தகைய மென்பொருள், புதுக் கணினி வாங்கும் நாளைத் தள்ளிப்போடும்.

ஆகவே, இருக்கும் கணினியையே முடிந்தவரை ஓட்டுங்கள்; முடியாதபோது அதே பெட்டிக்குள் சர்க்யூட் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கழித்துக் கட்டியதை, கேரளத்தில் என்றால், வீடுகளில் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள்.