லினக்ஸ் போட்டதும் திரை கறுத்துவிட்டதா?

பெங்களூரு ஐடி நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் லேப்டாப்புகள் எஸ்.பி. ரோடு கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கி, சிப்காட் ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளைப் பழக நினைக்கும் ஐடிஐ பையனுக்கு அது நல்ல பேரம். ஆனால் ஆசையோடு உபுண்டு லினக்ஸை ஏற்றி மறுபடி ஆன் செய்தால் சிலருக்கு வெறும் கறுப்புத் திரைதான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அத்திப்பள்ளி தாண்டித் திரும்ப ஓட வேண்டாம். அநேகமாக இது கிராஃபிக்ஸ் டிரைவர் விவகாரம்.

இன்டெல், ஏஎம்டி இரண்டின் டிரைவர்களும் திறந்த மூலமாக லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த சிப் மட்டும் உள்ள லேப்டாப்பில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அவை தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத எளிய மாடல்கள் என்பதால் இந்தத் தலைவலி அவற்றில் இல்லை.

தகராறு என்விடியாவில். பேட்டரியை மிச்சப்படுத்த இன்டெல் சிப், கனமான வேலைக்கு என்விடியா சிப் என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டும் ஆப்டிமஸ் முறையை அந்நிறுவனம் 2010-ல் கொண்டுவந்தது. லினக்ஸை மட்டும் கண்டுகொள்ளவில்லை. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பார்வையாளர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டபோதுதான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். நாகரிகம் இல்லைதான், கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆர்வலர்கள் சிப்பின் நடத்தையைத் துருவிப் பார்த்தே எழுதிய நூவோ டிரைவர் கெர்னலோடு வருகிறது. ஆனால் 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சிப்பின் வேகத்தைக் கூட்ட முடியாமல் போனது. படம் தெரியும், வேலை நகராது. 2022 மே மாதம்தான் நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. அதுவும் 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும். எனவே பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்குபவர் அதிலுள்ள என்விடியா சிப்பின் பெயரில் ‘க்வாட்ரோ’வுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பது நல்லது. எம், பி என்றால் டூரிங்குக்கு முந்திய மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகள். என்விடியாவின் 580 வரிசை டிரைவரோடு அவற்றுக்கான ஆதரவு நிற்கிறது. டி என்றால் டூரிங். விலையில் கொஞ்சம் கூட இருந்தாலும் இதையே எடுக்கலாம்.

கறுத்த திரையை மீட்பது கடினமில்லை. ஆன் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். அதில் ‘இ’ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்த வேண்டும். தற்காலிகமாகத் திரை வரும். பிறகு ‘கூடுதல் டிரைவர்கள்’ பகுதியில் பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுக்கலாம். என்விடியா தளத்திலிருந்து நேரே இறக்கிப் போடும் ஆசை வேண்டாம். அடுத்த கெர்னல் அப்டேட்டில் அது உடையக்கூடும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில், டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கக்கூடும். கேட்டால், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் நிற்கும். அங்கே ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். ஏதோ எச்சரிக்கை என்று நினைத்து ‘கன்டினியூ’ அழுத்தினால், டிரைவர் வட்டில் இருக்கும், கெர்னல் அதை ஏற்றாது. எச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டர் வராததற்கும் இதுவே காரணமாகலாம். பல மாடல்களில் அந்த போர்ட் என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கிறது.

பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இதே லேப்டாப்பில் மெஷினைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளைப் போட்டு மில்லிங் மெஷினையும் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்குத் தேவையான நிகழ்நேர கெர்னலில் என்விடியா டிரைவர் சாதாரணமாக நிறுவ மறுக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த லேப்டாப் தானாகச் செய்யும் வேலைகளும் மோட்டாருக்குப் போகும் துடிப்புகளைத் தாமதப்படுத்தும். மெஷினுக்கு இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும்.